நெல்லும் குழாயும் கணிப்பொறியும்

பொங்கலுக்கு ஊருக்குச் செல்ல வேண்டும். புனேயில் பயிலும் தமிழ் மாணவர்க்குக் கார்த்திகை பிறந்தவுடனே தோன்றிவிடும் கவலை இது. எப்படிச் செல்வது? விமானம் ஏறினால் நேரம் குறையும். ஆனால் அப்பா அனுப்பிய பணம் அன்றோடு தீரும். இரயிலில் சென்றால் பணம் மிஞ்சும். ஒரு பகலும் ஓர் இரவும் வழியிலேயே கழியும். பணமும் குறைய வேண்டும், நேரமும் குறைய வேண்டும் என்றால் இரண்டும் ஒருங்கே நடப்பதில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிறது. இந்தச் சிறு தொல்லைக்குள் பெரியதொரு கணிதம் அடங்கியிருக்கிறது. அதனை வளர்த்து உலகுக்குத் தந்தவர்களுள் நம் நாட்டவர்க்குத் தலையாய இடம் உண்டு. ஆதலின் அதைப் பற்றிச் சிறிது விரிவாகவே காண்போம்.

சென்னைக்குச் செல்ல ஐந்து வழிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். விமானம்: 6 மணி நேரம், 6,000 ரூபாய். இரயிலில் குளிர்பதனப் பெட்டி: 20 மணி நேரம், 1,800 ரூபாய். அதே இரயிலில் சாதாரணப் படுக்கை: 20 மணி நேரம், 500 ரூபாய். படுக்கைப் பேருந்து: 22 மணி நேரம், 1,500 ரூபாய். முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி இடையில் வண்டி மாறிச் செல்வது: 27 மணி நேரம், 300 ரூபாய். (இவ்வெண்கள் கணக்கிற்காக நாம் அமைத்துக்கொண்டவை. நிலையத்திற்குப் போய் இவற்றைக் காட்டி வாதாட வேண்டா.)

பேருந்தையும் சாதாரணப் படுக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். படுக்கை, நேரத்திலும் குறைவு, பணத்திலும் குறைவு. இரண்டு வகையிலும் தோற்ற பேருந்தை எண்ணிப் பார்ப்பானேன்? அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். குளிர்பதனப் பெட்டியும் நேரத்தில் சமமாய் நின்று பணத்தில் தோற்கிறது, அதையும் அடித்துவிடலாம். எஞ்சியவை மூன்று: விமானம், சாதாரணப் படுக்கை, வண்டி மாறும் பயணம். இம்மூன்றில் எதுவும் எதையும் முழுமையாக வெல்லவில்லை. ஒன்றில் முந்தும் வழி மற்றொன்றில் பிந்துகிறது. இத்தகைய விடைகளை ‘வெல்லப்படாத விடைகள்’ என்போம்.

இந்தக் கருத்து இத்தாலிய அறிஞர் வில்ஃபிரெடோ பரேட்டோவின் பெயரால் வழங்குகிறது. 1848-இல் பிறந்து 1923-இல் மறைந்தவர். பொருளாதாரப் பேராசிரியர் என்றே உலகம் அவரை அறியும். ஆனால் அவர் முதலில் பயின்றது பொறியியல், முதலில் பணி செய்தது இரயில்வேக் கம்பெனியில். நம் எடுத்துக்காட்டு இரயிலில் தொடங்கியது பொருத்தமே!

“இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? நேரத்திற்கு இவ்வளவு, பணத்திற்கு இவ்வளவு என்று மதிப்புப் போட்டுக் கூட்டி, எது குறைவோ அதை எடுத்துக்கொண்டால் ஆயிற்று” என்று சிலர் கூறுவர். பல ஆண்டுகள் பொறியாளரும் அவ்வாறே செய்து வந்தனர். அதில் ஒரு குழி இருக்கிறது. அதை வாடகை அறையைக் கொண்டு விளக்கலாம்.

மூன்று அறைகள் உள்ளன. முதல் அறைக்கு வாடகை 1 ஆயிரம். கல்லூரிக்குத் தொலைவு 9 கிலோமீட்டர். இரண்டாம் அறைக்கு வாடகை 6 ஆயிரம். தொலைவு 6 கிலோமீட்டர். மூன்றாம் அறைக்கு வாடகை 9 ஆயிரம். தொலைவு 1 கிலோமீட்டர். (புனேயில் ஆயிரம் ரூபாய்க்கு அறை ஏது என்று கேளாதீர்கள். கணக்கில் கிடைக்கும்.) மூன்றும் வெல்லப்படாதவையே. வாடகைக்கும் தொலைவுக்கும் சரிபாதி மதிப்புக் கொடுத்துக் கூட்டினால் முதல் அறைக்கு 5, மூன்றாம் அறைக்கு 5, நடு அறைக்கு 6. நடு அறை தோற்றது. வாடகைக்கு மதிப்பை உயர்த்தினால் முதல் அறை வெல்லும். தொலைவுக்கு உயர்த்தினால் மூன்றாம் அறை வெல்லும். நடு அறைக்கோ எந்த மதிப்பைப் போட்டாலும் கூட்டுத்தொகை 6-தான். மற்ற இரண்டில் ஒன்று எப்போதும் 5-க்கு மேற்படாது. ஆக, நடு அறை ஒருகாலும் தேர்வு பெறாது. அளவான வாடகை, அளவான நடை என்று விரும்பும் மாணவன் ஒருவன் இருந்தால், அவனுக்கேற்ற அறை கண்ணிலேயே படாமல் போகும்! கூட்டல் கணக்கு நமக்காக ஒரு முடிவை எடுத்துவிடுகிறது. எடுத்ததை நமக்குச் சொல்வதும் இல்லை. இதனால்தான் முதலில் வெல்லப்படாத விடைகள் அனைத்தையும் காண வேண்டும், பிறகு அவற்றுள் ஒன்றை மனிதன் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற முறை வந்தது.

ஐந்து வழிகளும் மூன்று அறைகளும் இருந்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். விடைகள் கோடிக்கணக்கில் இருந்தால்?

நகர்க்குக் குடிநீர் கொண்டுவரும் குழாய்களை எண்ணிப் பாருங்கள். புனே மேடும் பள்ளமுமான ஊர். கடக்வாஸ்லா ஏரியின் நீர் பார்வதிக் குன்றை அடுத்த நிலையத்திற்கு வந்து, தூய்மை பெற்று, பல பேட்டைகளுக்குப் பிரிகிறது. குழாய் பருமனாக இருந்தால் கடைசி வீட்டிலும் நீர் விசையோடு வரும்; ஆனால் செலவு ஏறும். மெல்லிய குழாய் போட்டால் பணம் மிஞ்சும். கடைசித் தெருவில் குழாயடியில் குடங்கள்தாம் வரிசை நிற்கும். ஒவ்வொரு குழாய்க்கும் எந்தப் பருமன் என்று முடிவு செய்ய வேண்டும். கடைகளில் கிடைக்கும் பருமன்கள் சிலவே. ஆகவே இது பொறுக்கி அடுக்கும் கணக்கு.

இவ்வகைக் கணக்கிற்கு உலகெங்கும் ஆராய்ச்சியாளர் எடுத்தாளும் ஒரு மாதிரி உண்டு. வியட்நாம் நாட்டு ஹனோய் நகரின் குழாய் வலை அது. ஃபுஜிவாரா, காங் என்ற இருவர் 1990-இல் அதை வெளியிட்டனர். அதில் குழாய்கள் 34. பருமன் 12 அங்குலம் முதல் 40 அங்குலம் வரை ஆறு வகை. எந்தச் சந்தியிலும் நீரின் அழுத்தம் 30 மீட்டர் உயரத்திற்குக் குறையலாகாது. 34 குழாய் என்றால் ஒரு சிறு பேட்டைக்கே போதாது. ஆயினும் எத்தனை விதமாக அமைக்கலாம் தெரியுமா? ஆறை முப்பத்து நான்கு தடவை பெருக்க வேண்டும்: 27 இலக்க எண் வரும். நொடிக்கு 100 கோடி அமைப்புகளைச் சோதிக்கும் பொறி இருந்தாலும் முழுவதும் சோதிக்க ஏறத்தாழ 900 கோடி ஆண்டுகள் ஆகும். பூமியின் வயதே சுமார் 450 கோடி ஆண்டுகள்தாம்.

சோதித்து முடியாது, வேறு வழி வேண்டும். அந்த வழியை நெல்வயலில் காணலாம்.

கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-இல் வெளியிட்ட ‘ஜி.இ.பி. 24’ என்ற நெல்லைத் தஞ்சை மாணவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருக்கலாம். கிச்சிலிச் சம்பா என்பதும் அதுவே. சன்ன அரிசிக்குப் பேர் போனது. அது தானாக நேர்ந்த ஒரு திடீர் மாற்றத்தால் தோன்றியது. வயலில் வேறுபட்டு நின்ற பயிரைக் கண்டு பொறுக்கி எடுத்துப் பெருக்கினார்கள். பின்னர் அந்த நெல்லையும் ‘நோரின் 10’ என்ற ஜப்பானிய நெல்லையும் கலந்து ‘ஆடுதுறை 27’ உண்டாயிற்று. 1965-இல் வெளிவந்து காவிரிப் படுகையில் பெரிதும் பரவியது. தேர்வு, கலப்பு, திடீர் மாற்றம் ஆகிய மூன்றும் இந்த இரண்டு நெல்லின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளன. நெல்லாராய்ச்சியாளர் எல்லா நெல்லையும் படைத்துப் பார்க்கவில்லை. கையிலிருக்கும் சிலவற்றைக் கொண்டு தலைமுறை தலைமுறையாக நல்லதை நோக்கி நடந்தார்.

இதையே கணக்கிற்குச் செய்தால் என்ன என்று எண்ணியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் ஹாலந்து. அவருடைய நூல் 1975-இல் வெளிவந்தது. அவர் மாணவர் டேவிட் கோல்ட்பெர்க், கட்டுமானப் பொறியியல் பயின்றவர். 1983-இல் முடித்த ஆராய்ச்சிப் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்டதும் எரிவாயுக் குழாய்களை இயக்கும் கணக்கே. இம்முறையை ‘ஜெனடிக் அல்காரிதம்’ என்பர். நாம் ‘மரபணு வழிமுறை’ என்று வழங்குவோம். பெயர் சற்றுப் பெரிது, செய்கை எளிது.

ஹனோய்க் குழாய்களையே எடுத்துக்கொள்வோம். ஆறு பருமன்களுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். 34 எண்களை வரிசையாக எழுதினால் அது ஒரு முழு அமைப்பு. அதுவே நம் ‘பயிர்’. ஒவ்வோர் எண்ணும் ஒரு ஜீன். மனம்போன போக்கில் இப்படி 100 வரிசைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் செலவு என்ன, அழுத்தம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். நல்லவற்றுக்குப் பெற்றோராகும் வாய்ப்பை மிகுதியாகக் கொடுங்கள். இரண்டு பெற்றோரை எடுத்து, ஒன்றின் முதல் 14 எண்களையும் மற்றொன்றின் பின் 20 எண்களையும் ஒட்டினால் ஒரு குழந்தை. எப்போதாவது ஓர் எண்ணை மாற்றிவிடுங்கள்; அதுவே திடீர் மாற்றம். இவ்வாறு 100 குழந்தைகள் பிறந்ததும் அடுத்த தலைமுறை தொடங்கும். நூற்றுக்கணக்கான தலைமுறைகள் கணிப்பொறியில் நொடிகளில் ஓடிவிடும்.

கலப்பதால் ஏன் பயன் விளைகிறது? ஒரு பெற்றோர் வடபகுதிக் குழாய்களை நன்கு அமைத்திருக்கலாம். மற்றொன்று தென்பகுதியை நன்கு அமைத்திருக்கலாம். இரண்டும் ஒரு குழந்தையில் சேர்ந்தால் தனித்தனியே எய்த முடியாத நன்மை கிட்டும். எல்லாக் குழந்தைகளும் அப்படிப் பிறப்பதில்லை. பெரும்பாலானவை பெற்றோரினும் தாழ்ந்தவையே. தேர்வு அவற்றைக் கழித்துவிடும்.

எல்லாக் கணக்கிலும் இப்படி வெட்டி ஒட்ட இயலாது. நம் மன்றத்தார் பொங்கல் இனிப்பைக் கேம்ப், ராஸ்தா பேட், கட்கி, ஔந்த், பிம்பிரி என ஐந்து இடங்களுக்குக் கொண்டு செல்கின்றனர் என்க. இவற்றை 1 முதல் 5 வரை எண்ணால் குறிப்போம். தந்தை வழி 1-2-3-4-5; தாய் வழி 3-5-1-2-4. தந்தையின் முதல் இரண்டும் தாயின் கடை மூன்றும் சேர்ந்தால் 1-2-1-2-4. கேம்ப்வாசிகளுக்கும் ராஸ்தா பேட்டையாருக்கும் இரண்டு தடவை இனிப்பு. கட்கியிலும் பிம்பிரியிலும் வசை! ஆகவே இங்கே வேறு விதமாகக் கலக்க வேண்டும். தந்தையின் 1-2 அப்படியே இருக்கட்டும். எஞ்சிய மூன்றையும் தாயிடம் உள்ள வரிசைப்படி நிரப்புக. 1-2-3-5-4 வரும். எல்லா இடமும் ஒரு முறை வந்துவிட்டது. எந்தக் கணக்கிற்கு எந்தக் கலப்பு என்பதில்தான் செய்பவருடைய திறமை இருக்கிறது. மரபணு வழிமுறை என்பது எந்தப் பூட்டையும் திறக்கும் சாவி என்று எண்ணுவோர் இவ்விடத்தில்தான் இடறுவர்.

இனி, ஒன்றோடொன்று மோதும் இரண்டு குறிக்கோள்களுக்கு வருவோம். இங்கே இம்முறைக்கு இயல்பாகவே ஒரு நன்மை உண்டு. பிற முறைகள் பல ஒரே விடையைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திருத்திக்கொண்டே போகும். மரபணு வழிமுறையோ தொடக்கத்திலிருந்தே ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. நமக்கு வேண்டியதும் வெல்லப்படாத விடைகளின் கூட்டமே அன்றோ?

டேவிட் ஷாஃபர் என்பவர் 1985-இல் ஒரு முயற்சி செய்தார். கூட்டத்தைப் பிரித்து, ஒரு பகுதியைச் செலவைக் கொண்டும் மற்றொரு பகுதியை வேறு குறிக்கோளைக் கொண்டும் தேர்ந்தெடுத்தார். விளைவு, இரு ஓரங்களும் செழித்தன, நடுவிலுள்ளவை வாடின. நம் நடு அறையின் கதையே மீண்டும்! கோல்ட்பெர்க் 1989-இல் வெளியிட்ட நூலில், மதிப்பெண் போடாமல் வெல்லப்படாதவற்றை அணியணியாகப் பிரிக்கலாம் என்று குறிப்பாகச் சொன்னார். அந்த விதையை முளைக்கச் செய்தவர் அவர் மாணவரான கல்யாண்மய் தேவ்.

தேவ், காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1985-இல் பொறியியல் பட்டம் பெற்றவர். அலபாமா பல்கலைக்கழகத்தில் கோல்ட்பெர்க்கிடம் ஆராய்ந்து 1991-இல் முனைவரானவர். பின்னர்க் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். அங்கே சீனிவாசுடன் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட முறைக்கு ‘என்.எஸ்.ஜி.ஏ.’ என்று பெயர். வெல்லப்படாதவற்றை வரிசைப்படுத்தும் மரபணு வழிமுறை என்பது பொருள். கூட்டத்தில் எவராலும் வெல்லப்படாதவை முதல் அணி. அவற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் வெல்லப்படாதவை இரண்டாம் அணி. இப்படியே இறுதிவரை.

அம்முறையில் மூன்று குறைகள் சொல்லப்பட்டன. அணி பிரிக்க நெடுநேரம் ஆயிற்று. நல்ல பெற்றோர் ஒரு தலைமுறையோடு மறைந்துபோக நேர்ந்தது. விடைகள் ஒரே இடத்தில் குவியாமலிருக்கச் செய்பவர் தாமே ஓர் அளவைக் குறிப்பிட வேண்டியிருந்தது. அந்த அளவு தவறினால் எல்லாம் தவறும். இம்மூன்றையும் நீக்கி நால்வர் எழுதிய கட்டுரை 2002-இல் வெளிவந்தது. தேவ், பிரதாப், அகர்வால், மெய்யறிவன் என்போர் அந்நால்வர். கடைசிப் பெயரைப் படித்ததும் நம் நெஞ்சு சற்று நிமிர்வது இயல்பே! அம்முறைக்கு ‘என்.எஸ்.ஜி.ஏ. இரண்டு’ என்று பெயர். கான்பூரில் பிறந்த இந்த முறை இன்று உலகில் இத்துறையினர் மிகுதியாக எடுத்தாளும் முறைகளுள் ஒன்று. தேவ் அவர்களுக்கு 2005-இல் பட்நாகர் பரிசும் 2011-இல் இன்ஃபோசிஸ் பரிசும் கிடைத்தன. 2013 முதல் அவர் பணி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில்.

அந்த மூன்று திருத்தங்களையும் பார்ப்போம். முதலாவது, யார் யாரை வெல்கிறார் என்பதை ஒரே முறை ஒப்பிட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் ஒப்பிடாமல் அணி பிரிப்பது. கூட்டம் 100, குறிக்கோள் 2 என்றால், பழைய முறையில் ஒப்பீடுகள் மிக மோசமான நிலையில் 20 இலட்சம் என்ற அளவுக்கு ஏறும். புதிய முறையில் 20 ஆயிரம் என்ற அளவில் அடங்கும்.

இரண்டாவது, பெற்றோரையும் குழந்தைகளையும் ஒரே களத்தில் நிறுத்துவது. 100 பெற்றோர், 100 குழந்தைகள், ஆக 200. இவர்களுள் 100 பேரே அடுத்த தலைமுறைக்குச் செல்லலாம். முதல் அணியில் 40 பேர் இருந்தால் அனைவரும் உள்ளே. இரண்டாம் அணியில் 35 பேர், அவர்களும் உள்ளே. மூன்றாம் அணியில் 50 பேர் நிற்கின்றனர், இடமோ 25-தான். பெற்றோர் சிறந்தவராயின் முதுமை கருதி அவரை யாரும் வெளியேற்றுவதில்லை என்பதை நோக்குக.

அந்த 50 பேரில் யாரை எடுப்பது? இங்கே வருவது மூன்றாவது திருத்தம். விழா முடிவில் படம் எடுக்கும்போது வரிசையில் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சிலர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பர். சிலருக்கு இரு பக்கமும் இடம் தாராளமாக இருக்கும். இரு பக்கத்து அண்டை விடைகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் கணக்கிட்டு, இடம் மிகுந்தவரை முதலில் எடுக்க வேண்டும். இதை ‘நெரிசல் தொலைவு’ எனலாம். இரு ஓரத்தில் நிற்பவர்க்கு எல்லையற்ற தொலைவு என்று கொள்வதால் அவர்கள் முதலிலேயே தேர்வு பெறுவர். நெருக்கமாக நிற்கும் பத்து விடைகள் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. தனியே நிற்கும் ஒன்று புதியதைச் சொல்கிறது. பிரிவின் அளவை எவரும் முன்கூட்டிக் குறிக்க வேண்டியதில்லை. என் கருத்தில், இந்த எளிய எண்ணமே இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றது. பிறர் எடுத்துக் கையாளும்போது, ‘இந்த எண்ணுக்கு என்ன மதிப்புப் போடுவது’ என்று தலையைச் சொறிய வேண்டிய இடம் ஒன்று குறைந்ததே, அது சிறிய காரியமா?

கட்டுப்பாடுகளுக்கும் இவ்வாறே. ஒரு சந்தியில் அழுத்தம் 30 மீட்டருக்குக் குறைந்தால் அபராதமாக எத்தனை ரூபாய் கூட்டுவது என்று முன்பு திண்டாடினர். தேவ் 2000-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் அபராத விகிதமே வேண்டா என்றார். விதியை மீறாதது மீறியதை வெல்லும். இரண்டும் மீறினால் குறைவாக மீறியது வெல்லும். இரண்டும் மீறாவிட்டால் குறிக்கோளைப் பார். அவ்வளவுதான்.

குழாய்க் கணக்கில் இதன் பயன் என்ன? எக்சிட்டர் பல்கலைக்கழகத்துச் சாவிச்சும் வால்டர்சும் 1997-இல் மரபணு வழிமுறையைக் கொண்டு செலவு மிகக் குறைந்த அமைப்பைத் தேடினர். ஹனோய் வலையும் அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று. செலவை மட்டும் பார்த்தால் ஒவ்வொரு குழாயும் இனிக் குறைக்க முடியாத அளவுக்கு மெலிந்துவிடும். ஒரு குழாய் உடைந்தாலோ, ஊர் சற்று வளர்ந்தாலோ தாங்காது. ஆகவே தேவி பிரசாத், பார்க் என்ற இருவர் 2004-இல் செலவைக் குறைப்பது ஒரு குறிக்கோள், வலையின் தாங்குதிறனைப் பெருக்குவது மற்றொரு குறிக்கோள் என்று வைத்து, வெல்லப்படாத அமைப்புகளை வரிசையாகக் கண்டனர். இவ்வகை வரிசையை நகராட்சிப் பொறியாளர் முன் வைத்தால், இன்னும் இவ்வளவு செலவிட்டால் இவ்வளவு உறுதி கிடைக்கும் என்பதை அவர் கண்ணாலேயே காணலாம். சில இடங்களில் சிறு செலவுக்குப் பெரும் பயன் கிட்டும். சில இடங்களில் பெருஞ்செலவுக்குச் சிறு பயனே கிட்டும். ஒற்றை விடையில் இந்தச் செய்தி கிடையாது.

குழாய்க்கு முன்னால் அணை இருக்கிறதே! பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜங்கா ரெட்டியும் நாகேஷ் குமாரும் 2006-இல் கர்நாடகத்துப் பத்ரா அணைக்கு இத்தகைய முறையைக் கையாண்டனர். பாசனத்திற்கு நீர் குறையலாகாது. மின்சாரம் மிக வேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீரின் தூய்மையும் கெடலாகாது. நமக்கு அருகிலேயே இதற்கு ஒப்பான நிலைமை உண்டு. கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர் ஆகிய நான்கு அணைகளும் சேர்ந்து ஏறத்தாழ 29 டி.எம்.சி. நீரைத் தேக்குகின்றன. புனே நகரும் அதைக் குடிக்க வேண்டும். தௌண்டு, இந்தாப்பூர் வட்டங்களின் வயல்களும் அதைக் குடிக்க வேண்டும். நம் விடுதியில் குழாயைத் திறந்து விட்டுப் பல் துலக்குவோர் நினைத்துப் பார்க்கலாம். கணிப்பொறி எவ்வளவு கணக்குப் போட்டாலும் நகருக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு என்ற முடிவை அது சொல்லாது. ஒன்றுக்குக் கூட்டினால் மற்றொன்று எவ்வளவு இழக்கும் என்பதையே சொல்லும். முடிவு, கூட்டத்தில் அமர்ந்து பேசுவோர் கையில்.

குறிக்கோள் இரண்டு என்பது மூன்று, நான்கு, பத்து என்று ஏறினால் புதுச் சிக்கல் ஒன்று எழும். நம் பயணத்தில் நேரம், பணம் ஆகியவற்றோடு வசதியையும் சேர்த்துப் பாருங்கள். முன்பு அடித்துவிட்ட குளிர்பதனப் பெட்டி உயிர்த்தெழும். வசதியில் அது சாதாரணப் படுக்கையை வெல்கிறதே! குறிக்கோள் ஏற ஏற ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றில் முந்திவிடும். முடிவில் கூட்டம் முழுவதும் முதல் அணியாகிவிட்டால் தேர்வு என்பதே பொருளற்றதாகும். இதற்குத் தேவும் ஹிமான்ஷு ஜெயினும் 2014-இல் மூன்றாம் பதிப்பைத் தந்தனர். நெரிசலை அளப்பதற்கு மாறாக, வானில் திசைகளை நட்டு வைப்பதுபோல் முன்கூட்டியே பல குறிப்புப் புள்ளிகளைப் பரப்பி, ஒவ்வொரு புள்ளிக்கும் அருகில் உள்ள விடையைத் தேடுவது அம்முறை.

இவ்வளவும் கேட்டபின், எல்லாக் கணக்கிற்கும் இதுவே மருந்து என்று யாரும் கிளம்பிவிடலாகாது. ஊர் பல சுற்றித் திரும்பும் வணிகனின் மிகக் குறுகிய வழியைக் காணும் கணக்கில், குறிக்கோள் ஒன்றேயானால், மரபணு வழிமுறையைவிடச் சிறந்த முறைகள் உள்ளன. 85,900 புள்ளிகளைக் கொண்ட அத்தகைய கணக்கு ஒன்றை ‘கன்கார்டு’ என்ற நிரல் 2006-இல் ஐயத்திற்கு இடமின்றித் தீர்த்தது; இதைவிடக் குறுகிய வழி இல்லவே இல்லை என்பதற்கு நிரூபணத்தோடு. மரபணு வழிமுறை அத்தகைய உறுதியைத் தாராது. நல்ல விடை கிடைத்தது என்று சொல்லும். இதுவே தலைசிறந்தது என்று சொல்லாது. எல்லாக் கணக்குகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்தத் தேடுமுறையும் மற்றொன்றினும் உயர்ந்ததன்று என்று வோல்பர்ட்டும் மெக்ரெடியும் 1997-இல் கணித முறைப்படி நிறுவினர். அக்கணக்கின் இயல்பை அறிந்து முறையை அமைத்தாலன்றி மேன்மை வாராது என்பது அதன் பொருள். ஓநாய் வழிமுறை, திமிங்கில வழிமுறை என்று ஆண்டுதோறும் ஒரு விலங்கின் பெயரால் புதுமுறை வருகிறதே, அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கண்டு நாம் மயங்க வேண்டியதில்லை. விலங்கை நீக்கிவிட்டு எஞ்சும் கணிதத்தைப் பார்த்தால் போதும்.

இயல்பறிந்து அமைப்பதன் பயனைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வார்ப்பாலையில் உலோகத்தை உருக்கி உருக்கிப் பல பொருள்களை வார்க்கின்றனர். எந்த உருக்கில் எந்தப் பொருளை எத்தனை வார்ப்பது, உலோகம் வீணாகாமல் எப்படிச் செய்வது என்பது கணக்கு. தேவும் கிறிஸ்டி மைபர்கும் 2016-இல், மாறிகள் 100 கோடி வரை ஏறிய அத்தகைய கணக்கைத் தீர்த்துக் காட்டினர். கண்ட கண்ட இடத்தில் வெட்டி ஒட்டும் பொது முறையால் அன்று. விதியை மீறிய குழந்தையைப் பிடித்துத் திருத்தி விதிக்குள் கொண்டுவரும் தனிச் செய்கைகளை அந்தக் கணக்கிற்கென்றே அமைத்ததால். இனிப்பை இரண்டு தடவை கொடுக்காத கலப்பை நாம் அமைத்தோமே, அதுவும் அந்த வகையே.

முயன்று பார்க்க விரும்பும் நண்பர்கள் ‘பைமூ’ என்ற இலவச நிரல் தொகுதியைத் தேடிக்கொள்ளலாம். 2020-இல் பிளாங்க் என்பவரும் தேவும் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். பைத்தான் மொழி அறிந்தவர்க்கு ஒரு மாலைப் பொழுது போதும். ஹனோய் வலையின் அளவுகளும் பல நூல்களில் உள்ளன. கூட்டம் 100, தலைமுறை 500 என்று வைத்தால், 27 இலக்க எண்ணிக்கையுள்ள அமைப்புகளுள் நீங்கள் சோதிப்பவை வெறும் 50 ஆயிரம். அவற்றிலிருந்து வரும் கோடு எப்படி வளைகிறது என்று வரைந்து பாருங்கள். ஒரே முறை ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டா. வேறு வேறு தொடக்கக் கூட்டத்தைக் கொண்டு பத்து முறையாவது ஓட்டுங்கள். கோடு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நின்றால் நம்பலாம். இடம் மாறிக்கொண்டே இருந்தால் கலப்பையும் மாற்றத்தின் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும்.